பரப்பியவனே மிதிக்க வேண்டும்

இயேசு மரி சூசை துணை

தோர்பே, 12 நவம்பர் 1951

அன்புள்ள ஒரெஸ்தேவுக்கு,

உங்களை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு வண்டி வளைவு திரும்பியதும் நான் மச்சுக்கு ஏறிவிட்டேன். அழுவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை. கீழே நம் மகள் நீவெஸ் இருந்தாள். அவள் கண் முன்னால் அழுவதில்லை என்று மாதாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் பரப்பியது பரப்பியபடியே இருக்கிறது. நாணல் தட்டுகளில் காயும் திராட்சையில் ஒரு குலை இன்னொன்றைத் தொடவில்லை. வெயில் முழுதாகக் குடித்த, குலையின் தோள்போல் பிரியும் மேல்காதுகளை மட்டும் கிள்ளி எடுத்து, காய்ச்சலோடு ஒவ்வொன்றாக அடுக்கினீர்களே, அதைப் பார்த்தபோது உங்கள் விரல்களையே பார்ப்பதுபோல இருந்தது. மலைக்காற்று வரும் பக்கத்துச் சன்னல்களைக் காலையில் திறக்கிறேன். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறும்போது சாத்துகிறேன். அழுகிய பழம் தெரிந்தால் தையல் கத்தரியால் நறுக்கி எடுத்துவிடுகிறேன். பூசணம் இன்னும் தலைகாட்டவில்லை. எந்தச் சன்னலை எப்போது திறந்தேன் என்று குறித்தும் வைக்கிறேன், நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காக.

பால் வாங்க வரும் பல்மீரா இப்போதெல்லாம் வேலிக்கு அந்தப்புறமே நின்று பாத்திரத்தை நீட்டுகிறாள். உள்ளே வரச் சொன்னேன். "இல்ல தெக்லா, செருப்பெல்லாம் சேறு" என்றாள். இங்கே மழை பெய்து எவ்வளவோ நாளாகிறது.

உங்கள் அண்ணன் பத்திஸ்தா பூசை முடிந்து வந்தார். ஜனவரியில் தொட்டியில் இறங்கிப் பழத்தை மிதிக்கப் போவது யார் என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவன் வருவான்னு நீ நெசமாவே நம்புறியா?" என்று கேட்டார். நான் களி கிண்டப் போய்விட்டேன்.

டாக்டர் என்ன சொல்கிறார்? என்னிடம் மறைக்க வேண்டாம். தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் தெக்லா

*

ஏரிக்கரை மருத்துவமனை, 18 நவம்பர்

தெக்லா,

கடிதம் வந்தது. சன்னல் விஷயம் சரி. மேல்தட்டுக் குலைகளை வாரம் ஒருமுறை திருப்பிப் போடு. வீட்டு விலக்கு நாட்களில் மச்சுக்கு ஏறாதே, அண்ணன் மகனை அனுப்பு. மற்ற வீட்டில் எப்படியோ, நம் வீட்டில் அந்த நாளில் எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. திராட்சை ரசம் திரிந்துவிடும்.

இங்கே எங்களை வெளித் தாழ்வாரத்தில் வரிசையாகப் படுக்கப்போட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, குளிர்காற்று வாங்கச் சொல்கிறார்கள். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் இடையில் காற்று போக இடம் வேண்டுமாம். பக்கத்துக் கட்டிலில் பெர்காமோக்காரர் ஒருவர், ஃபெர்மோ என்று பெயர், கொத்தனார். அவரிடம் சொன்னேன்: "நம்மளையும் தட்டுல பரப்பிட்டாங்கய்யா. ஜனவரி பொறந்தா மிதிக்க ஆள் வரும்." மனிதர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடிந்தார். சிஸ்டர் கிளாவ்தியா என்னைத்தான் திட்டினாள்.

நீ கேட்டதால் சொல்கிறேன். இடப்பக்க விலா எலும்புகளில் சிலவற்றை எடுத்துவிட்டால், காசநோயில் கெட்டுப்போன நுரையீரல் அமுங்கி ஓய்வெடுத்து ஆறிவிடும் என்கிறார் அறுவை டாக்டர். ஜனவரி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு வேலை இருக்கிறது.

பரப்பியவனே மிதிக்க வேண்டும். அது உனக்குத் தெரியாததா? ஜெர்மன் சிப்பாய்கள் நம் அடுக்களையில் படுத்திருந்த வருடம்கூட அப்பா தொட்டியில் இறங்கினார். ரெச்சோத்தோ இல்லாத ஈஸ்டர் நம் வீட்டில் வந்ததே இல்லை. பிள்ளை பெற்றவளை எழுப்பி உட்கார வைக்கிற இனிப்பு ஒயின் அது. என் ஒரு பக்க நுரையீரலை ஆற்றாதா? இவர்களுடைய ஊசியைவிட அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இன்னொன்றும் உண்டு. ஊர் பார்க்க நான் தொட்டியில் இறங்கி என் காலாலேயே ஏறி வர வேண்டும். அப்புறம் பல்மீராவின் செருப்பில் சேறு இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஒரெஸ்தே

*

இயேசு மரி சூசை துணை

தோர்பே, 24 நவம்பர்

அன்புள்ள ஒரெஸ்தேவுக்கு,

போன வாரம் முழுவதும் மூடுபனி விலகவே இல்லை. கையை நீட்டினால் கை தெரியாது. அதே நாட்களில்தான் எனக்கும் விலக்கு. அண்ணன் மகனைக் கூப்பிட்டனுப்பினேன். அவன் அம்மா அவனை அனுப்பவில்லை. உங்கள் இருமல் அந்த மச்சில் இன்னும் தங்கியிருக்கிறதாம். நான் ஏணிக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து ஈர வாடை இறங்கியது. பூசணம் யாருக்கும் காத்திருக்காது. தலையில் முக்காடிட்டு, மாதாவும் ஒரு பெண்தானே என்று சொல்லி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை முடிப்பதற்குள் ஏறிவிட்டேன். சன்னலோரத்துத் தட்டுகளில் சாம்பல் பூத்திருந்தது. பூத்ததையெல்லாம் வெட்டி எறிந்தேன். மற்றவை தப்பித்தன. திட்டுவதானால் திட்டுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கில்லை. டாக்டரிடம் எப்படி முடியாது என்று சொன்னீர்கள்? யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்?

சாமியார் எர்மினியோவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சர்வேசுரன் கொடுத்த உடம்பை ஒரு தொட்டி ரசத்துக்காகத் தூக்கி எறிவது பாவம் என்றார். அதோடு, "அவன்கிட்ட பாவம்னு சொல்லாத. ரோஷம் வந்துரும். கெஞ்சிப் பாரு" என்றும் சொன்னார். கெஞ்சுகிறேன், ஒரெஸ்தே. திராட்சை அடுத்த வருடமும் காய்க்கும். நீங்கள் திரும்பி வரட்டும், ஆயுசு முழுக்க மிதியுங்கள். நானே தொட்டியைக் கழுவி வைக்கிறேன்.

நீவெஸ் உங்கள் கட்டிலைப் படமாக வரைந்திருக்கிறாள். அதில் சன்னல் இருக்கிறது, கட்டில் இருக்கிறது. ஆளை வரையவில்லை. ஏன் என்று கேட்டேன். அப்பா படுத்தே நான் பார்த்ததில்லையே என்றாள்.

தெக்லா

*

ஏரிக்கரை மருத்துவமனை, 2 டிசம்பர்

தெக்லா,

என் கடிதத்தைச் சாமியாரிடம் காட்டினாயா? இனி அவருக்கே நேராக எழுதிவிடுகிறேன், ஒரு தபால்தலை மிச்சம்.

மச்சுக்கு ஏறியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் காகிதம் எரிந்துவிடும்.

ஃபெர்மோவைச் செவ்வாய்க்கிழமை தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். எனக்குச் சொன்ன அதே அறுவைதான். போகும்போது என்னைப் பார்த்து, "நான் முன்னாடி போய்த் தொட்டி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார். மத்தியானம் அவர் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள். இரண்டு சிஸ்டர்கள் வந்து கட்டில் கம்பிகளை மருந்துத் தண்ணீரால் துடைத்தார்கள்.

மயக்கம் கொடுக்க மாட்டார்களாம், தெக்லா. நுரையீரல் தாங்காதாம். முதுகை மட்டும் மரத்துப்போக வைத்துவிட்டு அறுப்பார்களாம். அவர் ஒவ்வொரு எலும்பும் ஒடிவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

எனக்குச் சாக பயமில்லை. அங்கே சாகத்தான் பயம். சாவதானால் என் வீட்டில், என் தொட்டியில், முழங்கால்வரை என் ரசத்தில் நின்று சாகிறேன். இங்கே வாரம் ஒருமுறை நிலக்கரி கொண்டுவரும் லாரி வெரோனாவுக்குத் திரும்பிப் போகிறது. லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வெளியே மூச்சு விடாதே. அண்ணனிடம் குறிப்பாகச் சொல்லாதே. அவருக்கு எப்போதும் என் மச்சின் மேல் ஒரு கண்.

ஒரெஸ்தே

*

இயேசு மரி சூசை துணை

தோர்பே, 8 டிசம்பர், அமலோற்பவ மாதா திருநாள்

ஒரெஸ்தே,

இன்று கோயிலில் எல்லோரும் பாடினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். என் கல்யாணச் சங்கிலியை மாதாவுக்குப் போடுகிறேன் என்றேன். நீவெஸைக் கன்னியர் மடத்துக்குக் கொடுக்கிறேன் என்றுகூட வாய்வரை வந்துவிட்டது. அவள் பக்கத்தில் நின்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அதனால் தப்பித்தாள்.

சிஸ்டர் கிளாவ்தியாவுக்கு நான் தனியாக எழுதினேன். கோபித்துக்கொள்ளுங்கள். பதில் வந்தது. ஃபெர்மோவுக்கு இரண்டு பக்கமும் கெட்டிருந்ததாம், இதயமும் பலவீனமாம். தெரிந்தேதான் மேசையில் ஏறினாராம். உங்களுக்கு வலப்பக்கம் இன்றுவரை சுத்தமாக இருக்கிறது. வசந்தம்வரை அப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஜனவரியில் அறுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். லாரியைப் பற்றியும் சிஸ்டருக்குத் தெரியும். கையைக் கட்டி வைக்க எங்களுக்கு உரிமை இல்லை, தானாக மனம் மாற வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் ஒரு வரி: இவர் இந்த நிலையில் மலையேறிப் போய் ஜனவரிக் குளிரில் ஈரத்தில் நின்றால் கஷ்கொட்டை மரம் பூப்பதைப் பார்க்க மாட்டார்.

அந்த வரியை மடித்து மடித்துக் காகிதம் கிழிந்துவிட்டது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. புரியாமல் பேசவில்லை. உங்கள் இடத்தில் நான் என்றால் நானும் லாரியைத்தான் தேடுவேன். ஆனால் எனக்கு நீங்கள் வேண்டும். விலா இல்லாமல், ஒரு தோள் சாய்ந்து, தொட்டிப் பக்கமே போக முடியாத மனிதராக இருந்தாலும் வேண்டும். ஒரு மூலையில் உட்கார்ந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

அறுவைக்குச் சம்மதம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். பதின்மூன்றாம் தேதி, புனித லூசியம்மாள் திருநாளுக்குள் வரட்டும். வரவில்லையென்றால் எனக்குத் தோன்றியதைச் செய்வேன். என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

தெக்லா

*

ஏரிக்கரை மருத்துவமனை, 11 டிசம்பர்

தெக்லா,

மூவரசர் திருநாளுக்கு மறுநாள், ஜனவரி ஏழாம் தேதி காலை லாரி. பேசியாகிவிட்டது. தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வை. விறகு போதாவிட்டால் அத்திமரத்தை வெட்டு. பதினேழாம் தேதி, வனத்து அந்தோணியார் திருநாள் அன்று மிதிப்பேன். அதற்குமேல் இதைப் பற்றி எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

ஒரெஸ்தே

*

இயேசு மரி சூசை துணை

தோர்பே, 14 டிசம்பர்

ஒரெஸ்தே,

இதைப் பிரித்துப் படியுங்கள். நான் கெஞ்ச வரவில்லை. கெஞ்சுவதெல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. லூசியம்மாள் கொண்டுவந்ததாகச் சொல்லி நான் ராத்திரி வைத்த மிட்டாயை நீவெஸ் மேசையில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் அவளைப் பத்திஸ்தா வீட்டில் விட்டுவிட்டு, அவரைக் கையோடு கூட்டிவந்தேன். மச்சிலிருந்து தட்டுகளை இறக்க வேண்டும் என்றேன். இப்போதே, எல்லாவற்றையும் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஏணியில் உட்கார்ந்துவிட்டார்.

பழம் பாதிகூட உலரவில்லை, உள்ளே இன்னும் சாறு தளதளவென்று இருக்கிறது, இதைப் பிழிந்தால் ரெச்சோத்தோ வராது, கூலிக்காரன் தண்ணீர் கலந்து குடிக்கிற ஒயின்தான் வரும் என்றார். தெரியும் என்றேன். "ஒரெஸ்தே என்னையக் கொன்னு போட்ருவான்" என்றார்.

"அதுக்கு அவரு உசுரோட இருக்கணுமில்ல?" என்றேன்.

அவர் ஏணியிலிருந்து எழுந்தார். தட்டு தட்டாக இறக்கிக் கொடுத்தார். உங்கள் அண்ணன் உங்கள் மச்சின் மேல் கண் வைத்தவர் இல்லை, ஒரெஸ்தே. ஒவ்வொரு தட்டையும் கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தினார். தொட்டி நிறைந்ததும் காலணியைக் கழற்றி, கால் கழுவி, சிலுவை போட்டுக்கொண்டார். தொட்டி விளிம்பில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பரப்பியவன் இருக்கும்போது நான் மிதித்தால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டார். அறுபது வயது மனிதர் அழுதார்.

அதனால் நான் இறங்கினேன்.

பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு நான்தான் மிதித்தேன். நேற்று எனக்கு விலக்கு நாள். அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நம்பிக்கை வைக்க ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது என்றுதான் இறங்கினேன். ரசம் அவ்வளவு குளிராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இதில்தானே நீங்கள் நிற்க வருகிறேன் என்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் இன்னும் வேகமாக மிதித்தேன்.

வாசனை மட்டும் வந்தது. செர்ரிப் பழமும் ஈர மண்ணுமாக, போன வருடம் வந்த அதே வாசனை. அதற்காக என்னை மன்னியுங்கள். மற்றதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

ரசத்தை அடுப்பங்கரையில் வைத்திருக்கிறேன். சூட்டில் பொங்கி, இருக்கிற கொஞ்ச இனிப்பையும் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. தட்டுகளைக் கழுவிக் காயவைத்துச் சுவரோரம் சாத்திவிட்டேன். இனி வசந்தத்தில் பட்டுப்புழு வைப்பதற்குத்தான் அவை தேவைப்படும். மச்சு காலி. இந்த வீட்டில் ஜனவரியில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

அங்கே இருக்கிறது உங்கள் வேலை.

தெக்லா

*

இயேசு மரி சூசை துணை

தோர்பே, 27 டிசம்பர்

ஒரெஸ்தே,

கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். கிறிஸ்துமஸுக்குச் சிஸ்டரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. இருக்கிறீர்களா என்றாவது யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பல்மீரா வேலியைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒயின நீயே அழிச்சிட்டியாமே தெக்லா" என்றாள். ஆமாம் என்றேன். கொண்டுவந்த கோழிச்சாற்றை என் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்து, சூடு பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள். நீங்கள் தொட்டியில் இறங்கி ஏறினால்தான் வருவாள் என்று நினைத்தீர்கள். நம் கஷ்டத்தைப் பார்த்து வந்தாள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சுக்கு ஏறிப் பார்க்கிறேன், பழக்க தோஷத்தில். சன்னலைத் திறக்கிறேன். உள்ளே காற்று வந்து சும்மா போகிறது.

ஒருவேளை நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ஒயின்தான் உங்களை இழுக்கிறது என்று நினைத்தேன். அந்த ஒயின்தான் உங்களை உயிரோடு பிடித்துவைத்திருந்தது என்றால்? என் கையாலேயே அதை அறுத்துவிட்டேனே. இரவும் பகலும் ஜெபமாலையை உருட்டுகிறேன். மணி நகர்கிறது, ஜெபம் நகரவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

தெக்லா

*

ஏரிக்கரை மருத்துவமனை, 8 ஜனவரி 1952

தெக்லா,

உன் கடிதம் வந்த நாளில் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தேன். சிஸ்டர் கிளாவ்தியா பொறுக்கினாள். உனக்குப் பதில் எழுதச் சொன்னாள். எனக்குப் பெண்டாட்டி இல்லை என்றேன். அதையும் எழுதவா என்று கேட்டாள். அவளுக்கும் நாக்கு நீளம்.

எத்தனையோ நாள் ஒருவரிடமும் பேசவில்லை. என் பழத்தை, காய்ச்சலோடு நான் அடுக்கியதை, பாதியில் பிழிந்தாயே. அதுவும் நீ இறங்கி. அதுவும் அந்த நாளில். என் அப்பனும் அவன் அப்பனும் செத்துக் கிடக்கிற இடத்தில் புரண்டிருப்பார்கள். என்ன பேர் வைப்பது இதற்கு? என் கழுத்தை நெரித்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ஆனாலும் நேற்று லாரிக்குக் கிளம்பினேன். வீம்புதான். சட்டை போட்டு, காலணி கட்டி, கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, பின்வாசலுக்குப் போய்விட்டேன். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. லாரிக்காரர் கதவைத் திறந்துவிட்டு, சும்மாதான், "எங்க எறக்கி விடணும் உங்கள?" என்று கேட்டார்.

எனக்கு வாயில் ஊர்ப் பெயர் வரவில்லை. தோர்பே என்று சொல்லியிருக்கலாம். நீவெஸ் இருக்கிறாள், நீ இருக்கிறாய், கொலைகாரி. ஆனால் அங்கே போய் நான் என்ன செய்வது? நாற்காலியில் உட்கார்ந்து இருமுவதா? காலி மச்சைப் பார்ப்பதா? அவர் காத்திருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு வேணாம்" என்றேன். அவர் நல்ல மனிதர், ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து படுக்கையில் உட்கார்ந்தேன். காலணி முடிச்சை அவிழ்க்க முடியாமல் மூச்சு வாங்கியது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் தொட்டிவரை போயிருக்க மாட்டேன். வளைவுவரைகூடப் போயிருக்க மாட்டேன்.

சிஸ்டர் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே காகிதத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பதினாறாம் தேதி காலை. கோபத்தில் போட்ட கையெழுத்து, அதைச் சம்மதம் என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தத் தண்ணி ஒயினை அண்ணனுக்குக் கொடு, உனக்குக் கொடு, பன்றிக்குக் கொடு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும், துக்கத்துக்கு வருகிறவர்கள் கையில் அதை ஊற்றிக் கொடுத்து என்னை அவமானப்படுத்தாதே.

பயமாக இருக்கிறது, தெக்லா. ராத்திரியானால் ஃபெர்மோவின் கட்டிலைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிப் படுக்கிறேன். அந்தப் பக்கம் இடது விலா வலிக்கிறது.

மேசையில் ஏறிய பிறகு நோயாளி எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மூச்சு சீராக இருக்கிறதா என்று டாக்டர் அதை வைத்துத்தான் பார்ப்பாராம். சிலர் ஜெபம் சொல்வார்களாம், சிலர் பாடுவார்களாம். எனக்கு அதெல்லாம் வராது. நான் உன்னைத் திட்டப்போகிறேன். முதல் தட்டிலிருந்து ஆரம்பித்து, ஒரு தட்டு விடாமல். சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன், காதைப் பொத்திக்கொள்ள. நான் ஓய்ந்தால் டாக்டர் பயப்படட்டும். அதுவரை நீ பயப்படாதே.

ஒரெஸ்தே